முழங்கால் தண்ணியில் ஒரு பர்த்டே!

1994-ல் மணிலாவில் நடந்த மிஸ் யூனிவர்ஸ் போட்டி ஞாபகம் இருக்கிறதா? 'சுஷ்மிதா சென்னை மறக்க முடியுமா சார்?' என்று நீங்கள் நிமிர்ந்து உட்காருவது தெரிகிறது. சுஷ்மிதாவைக் கொஞ்சம் ஓரமாக நிறுத்தி வையுங்கள். அதே மேடையில் உள்ளூர்ப் பெண் ஒருத்தியும் நின்றாள். பெயர் சார்லின் கொன்சாலெஸ். "உங்கள் நாட்டில் மொத்தம் எத்தனை தீவுகள்?" என்று கேட்டார்கள். பொண்ணு அசரவில்லை. "ஹை டைடிலா, லோ டைடிலா?" என்று திருப்பிக் கேட்டது!

அடேயப்பா, என்ன சமயோசிதம் என்று உலகமே சிரித்தது. நானும் அதை ஒரு ஜோக் என்றுதான் ரொம்ப நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன், டோங்கின் ஊருக்குப் போகிற வரைக்கும்.

(கணக்குப் பிள்ளைகளுக்காக: அப்போது 7,107 தீவுகள் என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். 2016-ல் மறுபடி எண்ணி, 7,641 என்று அறிவித்தார்கள்.)

டோங் என் துபாய் ஆபீஸ் சிநேகிதன். பக்கத்து சீட். 'டோங்' அவன் பெயர் இல்லை. விசாயாஸ் தீவுகளில் சின்ன வயசுப் பையன்களை எல்லோரும் 'டோடோங்' என்பார்கள். சுருக்கமாக 'டோங்'. நம்ம ஊர் 'தம்பி' மாதிரி. இந்த விவரம் தெரியாமல் டாக்பிலாரான் மார்க்கெட்டில் அவனைக் கூட்டத்தில் தவறவிட்டு, "டோங்!" என்று அடிவயிற்றிலிருந்து ஒரு கத்து கத்தினேன். மீன்காரர், டிரைசிக்கிள் ஓட்டுபவர், ஒரு போலீஸ்காரர் உள்பட பத்துப் பன்னிரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். என்னுடைய டோங்கைத் தவிர.

2025 ஜூலையில் அவன் அம்மாவுக்கு எழுபதாவது பிறந்தநாள். "நீயும் வாடா, எங்க ஊர் பீச்சைப் பாரு" என்றான். அந்த ஜூன் மாதம்தான் இந்தியர்கள் 14 நாள் வரை விசா இல்லாமல் பிலிப்பைன்ஸுக்குச் சுற்றுலா வரலாம் என்று கதவைத் திறந்திருந்தார்கள். விசா இல்லை, ஃபீஸ் இல்லை. கிளம்பிவிட்டேன்.

ஏர்போர்ட்டில்தான் தெரிந்தது, நான் விருந்தாளி மட்டும் இல்லை, கூலியும்தான் என்று. வெளிநாட்டில் வேலை பார்க்கும் பிலிப்பினோ ஊருக்குப் போனால் 'பாசாலுபோங்' இல்லாமல் போகக்கூடாது. அதாவது ஊருக்கு வாங்கிப் போகிற சாமான். அம்மா, அத்தை, பக்கத்து வீடு, எதிர் வீடு, எதிர் வீட்டுக்கு அன்றைக்கு வந்திருக்கிற விருந்தாளி வரை எல்லோருக்கும் ஏதாவது வேண்டும். பெரிய அட்டைப் பெட்டி ஒன்றை இரண்டு மாதம் முன்னாலேயே கப்பலில் அனுப்பிவிட்டான். மீதி 12 கிலோ என் பெட்டிக்குள். கஸ்டம்ஸில் திறந்து பார்த்தால் என் ஜட்டி ரெண்டு, சாக்லேட் நாற்பது, சோப்பு அறுபது!

மணிலாவிலிருந்து பங்லாவ் தீவுக்கு விமானம். பங்லாவ், போஹோல் என்கிற பெரிய தீவோடு பாலத்தால் ஒட்டிக்கொண்டிருக்கும் குட்டித் தீவு. அங்கேதான் அலோனா பீச். ஷூட்டிங்குக்கு வந்த அலோனா அலெக்ரே என்ற நடிகையின் பெயர்தான் கடற்கரைக்கே நிலைத்துவிட்டது என்கிறார்கள். (நம்மூர் நடிகைகள் கவனிக்க. கோயில் கட்டுவதைவிட இது நல்ல யோசனை.)

வெள்ளை மணல், சாய்ந்த தென்னை, கண்ணாடித் தண்ணீர். காலண்டரில் பார்த்ததெல்லாம் நிஜமாகவே இருக்கிறது. விடியற்காலை பம்ப் போட்டில் ஏற்றிக்கொண்டு போகிறார்கள். இரண்டு பக்கமும் மூங்கில் கைகளை விரித்துக்கொண்டு தண்ணீர்ப் பூச்சி மாதிரி ஓடும் படகு அது. பாலிகசாக் தீவுக்குப் பக்கத்தில் முகமூடி மாட்டி இறக்கிவிட்டார்கள். எனக்கு நேர் கீழே ஒரு பெரிய கடல் ஆமை அவசரமே இல்லாமல் புல் மேய்ந்துகொண்டிருந்தது. நான் வாயில் வைத்த குழாய் வழியே மூச்சு விடுவதா, கத்துவதா என்று புரியாமல் இரண்டையும் செய்து, கால் லிட்டர் கடலைக் குடித்தேன். அந்த ஆமைக்கு நாலடி தள்ளி பவளத்திட்டு முடிந்து, சுவர் மாதிரி செங்குத்தாக இறங்கி, கருநீலமாகி, எங்கே முடிகிறது என்றே தெரியவில்லை. அந்த இடத்தில் வயிற்றுக்குள் ஏதோ ஒன்று புரண்டது பாருங்கள்... சொன்னால் புரியாது.

வழியில் வெர்ஜின் ஐலண்ட் என்ற மணல் திட்டு. 2022-ல் இங்கே கடல் உணவு சாப்பிட்ட ஒரு கோஷ்டிக்கு 26,100 பெசோ பில் வந்து, அந்த பில் நாடு முழுக்க ஊர்வலம் போய், கடைசியில் கடைகளையே அப்புறப்படுத்திவிட்டார்கள். டோங் வீட்டிலிருந்து எடுத்து வந்த வாழைப்பழத்தை உரித்துக் கொடுத்தான். "இது ஃப்ரீ" என்றான்.

சாக்லேட் ஹில்ஸையும் டார்சியரையும் பற்றி எழுதாவிட்டால் போஹோல் போனதாகவே நீங்கள் நம்ப மாட்டீர்கள். ஆகவே சுருக்கமாக. குறைந்தது 1,268 குன்றுகள், எல்லாம் ஒரே அச்சில் வார்த்த மாதிரி. வெயில் காலத்தில் புல் காய்ந்து சாக்லேட் நிறமாகும். நான் போனது ஜூலை. பச்சைப் பசேல். டார்சியர் உள்ளங்கை அளவுக் குட்டிப் பிராணி. ஒரு கண் அதன் மூளையைவிடப் பெரிசு. கண்ணை உருட்டத் தெரியாது, தலையைத்தான் திருப்பும். சத்தம் போட்டால் மனமொடிந்து போய்விடும் என்பதால் 'உஷ்' என்று போர்டு வைத்திருக்கிறார்கள். எங்கள் ஆபீஸ் அக்கவுண்டன்ட் ஒருவர் ஞாபகம் வந்தது. அவ்வளவுதான்.

அன்று ராத்திரி அலோனா மணலில் உட்கார்ந்திருந்தபோது டோங் செல்போனில் ஒரு படம் காட்டினான். காலி மனை. நாலு மூலையிலும் கல். நடுவில் ஒரு ஆடு.

"டுபிகான் டவுன்ல வாங்கறேன். அட்வான்ஸ் கொடுத்துட்டேன்."

"சபாஷ்! ஆடு சேர்த்தா?"

அவன் சிரிக்கவில்லை. "அம்மா அங்க வரமாட்டேங்கறாங்க. நான் சொன்னா கேக்க மாட்டாங்க. வீட்டுக்கு வந்த விருந்தாளி சொன்னா மறுத்துப் பேச மாட்டாங்க. நீ சொல்லணும். அதுக்குத்தான் உன்னைக் கூட்டிட்டு வந்தேன்."

டிக்கெட் போட்டுக் கூட்டிவந்த காரணம் இப்போதுதான் வெளியே வந்தது. (டிக்கெட் என் காசு. ஆனாலும்...)

"எதுக்குடா வயசான காலத்துல அவங்களை..."

"எங்க வீட்டைப் பாரு. அப்புறம் பேசு."

*

டுபிகான், போஹோலின் வடமேற்குக் கரையில். போகிற வழியில் லூன் என்ற ஊரில் வண்டியை நிறுத்தினான். பிரம்மாண்டமான கல் தேவாலயம். பார்க்கப் பழசு மாதிரி இருந்தது. "புதுசு" என்றான். 2013 அக்டோபர் 15 காலை 8:12-க்கு 7.2 ரிக்டரில் வந்த பூகம்பத்தில் பழைய தேவாலயம் மொத்தமாக உட்கார்ந்துவிட்டதாம். கல் கல்லாகப் பொறுக்கி அடுக்கி 2021-ல் மறுபடி திறந்திருக்கிறார்கள். அன்றைக்குப் பக்ரீத் விடுமுறை. பள்ளிக்கூடங்கள் மூடியிருந்தன. இல்லாவிட்டால் 200-ஐத் தாண்டிய சாவு எண்ணிக்கை எங்கே போய் நின்றிருக்குமோ.

கரைக்குக் கூட்டிப்போனான். கடல் எங்கேயோ தள்ளி இருந்தது. நடுவில் செத்த பவளப் பாறைகள் வெள்ளையும் கருப்புமாக வெயிலில் காய்ந்துகொண்டிருந்தன. "இதெல்லாம் கடலுக்கு அடியில இருந்தது. அன்னிக்குக் காலைல ஒரே நிமிஷத்துல மேல வந்திருச்சு. ஒரு மீட்டருக்கு மேல" என்றான்.

கட்டிலின் ஒரு ஓரத்தில் குண்டு மாமா உட்கார்ந்தால் மறு ஓரம் தூக்கும் இல்லையா? பூமியும் கிட்டத்தட்ட அப்படித்தான். அதுவரை யாருக்கும் தெரியாமல் அடியில் படுத்திருந்த ஒரு பிளவு அன்றைக்குப் புரண்டு படுத்தது. லூன் பக்கம் தூக்கியது.

"அப்ப இறங்கின பக்கம் எது?" என்று கேட்டேன்.

"அங்கதான் போறோம்."

*

டுபிகான் துறையிலிருந்து பம்ப் போட்டில் அரை மணிக்கு மேல். எங்களோடு படகில் ஏறியவை: குடிதண்ணீர் கேன்கள், ஐஸ் பெட்டி, இரண்டு அரிசி மூட்டை, பிறந்தநாள் கேக், ஒரு வறுத்த முழுப் பன்றி. பன்றியை வாழையிலையில் சுற்றி என் மடிக்குப் பக்கத்தில் வைத்தார்கள். வழியெல்லாம் அது என்னையே பார்த்துக்கொண்டு வந்தது.

டுபிகானுக்கு எதிரே பவளத் திட்டின் மேல் படாசான், பாங்காபாசான், உபாய், பிலாங்பிலாங்கன் என்று தக்கனூண்டு தீவுகள். அந்த நாலில் ஒன்றுதான் டோங்கின் ஊர். எது என்று சொல்ல மாட்டேன். ஊரே மொத்தம் ஒரு தெரு. அடையாளம் சொன்னால் வீட்டையே காட்டிக் கொடுத்த மாதிரி ஆகிவிடும்.

நாங்கள் இறங்கியபோது தண்ணீர் வற்றிய நேரம். கால் நனையாமல் ஊருக்குள் போனேன். தகர வீடுகள், மூங்கில் வீடுகள், காயப்போட்ட வலை, வரிசையாகக் கருவாடு. 'புலாட்' என்கிறார்கள். வாசனை மட்டும் அசல் நம்மூர் மெரினா குப்பம்! சின்னப் பசங்க கூடைப்பந்து ஆடிக்கொண்டிருந்தார்கள். 'என்னடா, நல்லாத்தானே இருக்கு!' என்று நினைத்துக்கொண்டேன்.

அப்போது ஒரு விசித்திரம். எதிரே வந்த ஒரு அம்மாள் என்னைப் பார்த்ததும் சடக்கென்று வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்தினார். இரண்டாவது வீட்டிலும் அப்படியே. மூன்றாவது வீட்டில் ஒரு குழந்தை என்னைக் கண்டு வீறிட்டு அழுதது.

டோங் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். பிலிப்பைன்ஸ் கிராமத்தில் இந்தியன் என்றால் 'பும்பாய்'. பும்பாய் என்றால் மோட்டார்பைக்கில் வந்து வட்டிக்குக் கடன் கொடுப்பவர். பெரும்பாலும் பஞ்சாப்காரர்கள். '5-6' என்று தொழிலுக்கே பெயர். அஞ்சு வாங்கினால் ஆறாகத் திருப்பணும், தினமும் தவணை. கொசுவலை, குடைகூடத் தவணையில் கொடுப்பார்கள். அடம் பிடிக்கிற குழந்தைகளை 'பும்பாய் வந்து சாக்குல போட்டுட்டுப் போயிடுவான்' என்று மிரட்டுவது அங்கே வழக்கம். நான் படிக்கட்டு ஏறிவந்த பூச்சாண்டி!

"இவன் கடன் கொடுக்கிறவன் இல்லே. கடன் வாங்கிறவன்!" என்று டோங் தெரு முழுக்க அறிவித்துக்கொண்டே வந்தான். கதவுகள் திறந்தன.

அவன் அம்மா வாசலில் நின்றார். குள்ளமான, சுருங்கிய, படு சுறுசுறுப்பான பெண்மணி. டோங் குனிந்து அவர் கையை எடுத்துத் தன் நெற்றியில் வைத்துக்கொண்டான். பெரியவர்களிடம் ஆசி வாங்குகிற முறை அது. நானும் அப்படியே செய்தேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு முதலில் கேட்ட கேள்வி: "நிகாவோன் நா கா, டோங்?"

சாப்பிட்டியா தம்பி!

ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தாண்டி வந்தும் அதே கேள்வி. அந்த நிமிஷத்திலிருந்து நானும் அவருக்கு டோங்தான். நான் அவரை 'நானாய்' என்றேன். அம்மா.

*

வீட்டுக்குள் நுழையும்போது என் தலை நிலையில் இடித்தது. நான் ஒன்றும் அமிதாப் இல்லை. ஐந்தடி ஆறங்குலம். அப்புறம்தான் கவனித்தேன். கதவு சின்னது இல்லை, தரைதான் உயரம். பூகம்பத்துக்கு அப்புறம் பவளக் கல்லைக் கொட்டிக் கொட்டி நானாய் மூன்று தடவை தரையை உயர்த்தியிருக்கிறார். ஜன்னல் என் இடுப்புக்குக் கீழே இருந்தது. டி.வி., அரிசி டிரம், துணி எல்லாமே மேஜைக்கு மேல். அந்த மேஜையின் கால்களுக்கு அடியிலும் கல். சுவரில் முழங்கால் உயரத்துக்கு ஒரு பழுப்புக் கோடு, ஸ்கேல் வைத்துப் போட்ட மாதிரி.

ராத்திரி விருந்து. ஊரே வந்தது. பன்றி, வினிகரில் ஊறவைத்த பச்சை மீன், ஓலைப் பெட்டியில் வெந்த சோறு. அப்புறம் வீடியோகே! பிலிப்பினோவுக்கு மைக்கும் சோறும் ஒன்று. என்னைப் பாடச் சொன்னார்கள். பட்டியலில் எனக்குத் தெரிந்த ஒரே பாட்டு சினாட்ராவின் 'மை வே'. எண்ணை அழுத்தப் போனேன். நாலு பேர் பாய்ந்து கையைப் பிடித்தார்கள். அந்த ஒரு பாட்டைச் சரியாகப் பாடவில்லை என்று தகராறு முற்றிக் கொலையே விழுந்திருக்கிறதாம் நாட்டில். பல பார்களில் அதைப் பட்டியலிலிருந்தே தூக்கிவிட்டார்களாம். என் குரலுக்கு என்ன தண்டனையோ என்று மைக்கைக் கீழே வைத்துவிட்டேன்.

பத்து மணி இருக்கும். நல்ல பௌர்ணமி. ஒரு கிழவர் உருகி உருகிப் பாடிக்கொண்டிருக்கிறார். என் செருப்பு மெதுவாக என்னைத் தாண்டிப் போயிற்று.

செருப்பு நடக்குமா? குனிந்து பார்த்தேன். தண்ணீர். சத்தமே இல்லாமல் தெருவில் வந்து நின்றிருந்தது. அலை இல்லை, இரைச்சல் இல்லை. திருடன் மாதிரிகூட இல்லை, வீட்டுச் சொந்தக்காரன் மாதிரி வந்தது. கரண்டைக்கால், அப்புறம் கெண்டைக்கால். ஒருத்தரும் எழுந்திருக்கவில்லை. பெண்கள் பாவாடையைக் கொஞ்சம் தூக்கிக்கொண்டார்கள். நாய் தானாகப் பெஞ்சு மேல் ஏறி உட்கார்ந்தது. ஒரு பையன் வீடியோகே பெட்டியைத் தூக்கி இன்னும் இரண்டு கல் வைத்தான். கிழவர் பாட்டை நிறுத்தவே இல்லை. 97 மார்க் வாங்கினார். நானாய் முழங்கால் தண்ணீரில் நின்று கேக் வெட்டினார். எல்லோரும் கை தட்டினோம். தட்டுகிற கைக்கு நடுவே டோங் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

இது தினசரி இல்லை. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி வரும். வருஷத்தில் நூறு நாளுக்கு மேல் இப்படித்தான். பூகம்பத்தில் தீவு ஒரு மீட்டர் அளவுக்குக் கீழே இறங்கிவிட்டது. கடல் மட்டம் உயர்வது தனி. டவுன் நிர்வாகம் கரைப் பக்கம் குடியேறச் சொல்லியும் பெரும்பாலானவர்கள் போகவில்லை. கடலுக்குப் போகிறவன் கடலை விட்டுத் தள்ளி என்ன செய்வான் என்கிறார்கள்.

2021 டிசம்பரில் ஓடெட் புயல் அடித்தபோது டோங் துபாயில் இருந்தான். எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. ஆறு நாள் ஊரிலிருந்து போன் இல்லை. டவரெல்லாம் போச்சு. ஆறு நாளும் ஆபீஸுக்கு வந்து, ஒரே எக்ஸெல் ஷீட்டைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். ஏழாம் நாள் யாரோ டவுனிலிருந்து ஒரு படம் அனுப்பினார்கள். அம்மா பள்ளிக்கூட பெஞ்சில் உட்கார்ந்து இருக்கிறார். வீட்டுக் கூரை இல்லை. அந்த மனைக்குக் காசு சேர்க்க ஆரம்பித்தது அன்றைக்குத்தான்.

*

கூட்டம் கலைந்து தண்ணீர் இறங்க ஆரம்பித்ததும் என்னைக் கண்ணால் ஜாடை காட்டிவிட்டு டோங் பின்னால் போய்விட்டான். நான் தொண்டையைச் செருமிக்கொண்டேன்.

"நானாய், உங்க பையன் ரொம்ப நல்ல பையன்..."

"எவ்வளவு கொடுத்தான் மனைக்கு?" என்றார். எல்லாம் தெரிந்திருக்கிறது!

(இதெல்லாம் டோங்கின் தங்கை மூலமாக இங்கிலீஷில் நடந்த சம்பாஷணை. நான் தமிழில் டப்பிங் கொடுக்கிறேன்.)

"அங்க தண்ணி வராது நானாய். ஆஸ்பத்திரி கிட்டக்க. புயல் வந்தாலும் பயமில்லை. ராத்திரி நிம்மதியாத் தூங்கலாம்..."

"இங்க நான் தூங்கலேன்னு யார் சொன்னா?"

பதில் இல்லை என்னிடம்.

"பும்பாய் கதை உனக்குத் தெரியுமில்லே?" என்றார். வெட்கமாகத் தலையாட்டினேன். தண்ணீரைக் கையால் காட்டினார். "இவன்கிட்ட எங்க அப்பா வாங்கினாரு. என் புருஷன் வாங்கினாரு. இவன் படிக்கப் போனது இவன் கொடுத்த மீன்ல. இத்தனை வருஷம் அஞ்சு அஞ்சாக் கொடுத்தான். இப்ப ஆறா கேக்கறான். தினம் வந்து வசூல் பண்ணிட்டுப் போறான். கட்டித்தானே ஆகணும்?"

"ஒருநாள் வீட்டையே கேட்டா?"

கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டேன். நானாய் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "அன்னிக்கு அந்த ஆடு நிக்கற இடத்துக்குப் போறேன்னு சொல்லு அவன்கிட்ட" என்றார். மனைப் படத்தை அவரும் பார்த்திருக்கிறார்!

வெற்றியா தோல்வியா என்று தெரியாமல் டோங்கிடம் போய் அப்படியே ஒப்பித்தேன். அவன் கோபமாகப் படகைப் பார்த்துக்கொண்டு நின்றான். "அந்த அன்னிக்கு வரும்போது நான் துபாய்ல இருப்பேன்" என்றான்.

காலையில் கண் விழித்தபோது தண்ணீர் வந்த சுவடே இல்லை. வெளியே டமார் டமார் என்று சத்தம். எட்டிப் பார்த்தால் டோங், வெற்று மேலோடு, பவளக் கல்லைச் சாக்கில் சுமந்து வந்து வாசலில் கொட்டிக்கொண்டிருந்தான். நானாய் இடுப்பில் கை வைத்துக்கொண்டு மேஸ்திரி மாதிரி அதிகாரம் பண்ணிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் ஒரு சாக்கை நீட்டினார். விருந்தாளி சொன்னால் அவர் மறுக்க மாட்டார் என்றானே, அவர் சொன்னால் விருந்தாளி மறுக்க முடியாது என்பதைச் சொல்லவில்லை பாவி! மத்தியானம் வரை கல் சுமந்தேன். இன்னும் அந்தத் தோள் வலிக்கிறது.

திரும்பும் படகில், "அட்வான்ஸ் என்னடா ஆகும்?" என்றேன்.

"அது இருக்கட்டும்" என்றான். செல்போனில் கால்குலேட்டரைத் திறந்து வைத்திருந்தான். "தூண் வச்சு எழுப்பினா சிமென்ட் எத்தனை மூட்டை ஆகும்னு நினைக்கிறே?"

2025 செப்டம்பர் 30. செபு தீவின் வடக்கே 6.9 பூகம்பம். அங்கே ராத்திரி பத்து மணி, துபாயில் சாயங்காலம். டோங் போனை எடுத்துக்கொண்டு ஆபீஸ் மாடிப்படிக்கு ஓடினான். நானும் பின்னாலேயே ஓடினேன். அரை மணி நேரம் லைன் கிடைக்கவில்லை. அவன் ஒரு படியில், நான் ஒரு படியில். கடைசியில் மணி அடித்தது. ஸ்பீக்கரில் போட்டான்.

இரண்டு பேரும் ஒரே நேரத்தில், "நானாய்!" என்று கத்தினோம்.

"நிகாவோன் நா கா, டோங்?" என்றது குரல்.

எந்த டோங்கைக் கேட்டார் என்று தெரியவில்லை. "இன்னும் இல்லே" என்று நான்தான் பதில் சொன்னேன். அவனால் பேச முடியவில்லை.